'ஒரு சம்பவம் சொல்லுங்கள்' என்று நேர்காணலில் கேட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு ஆள் எடுக்கும் பேனலில் உட்காருவதும், இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துவதும் என் வேலையின் ஒரு பகுதி. டெக்னிக்கல் ரவுண்டை நன்றாக முடித்துவிட்டு, 'டீமில் ஒருவரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்' என்றதும் திகைத்து நின்றுவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் விஷயம் இல்லாமல் இல்லை. எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

பிஹேவியரல் கேள்வி என்றால் என்ன?

நீங்கள் ஏற்கெனவே செய்த ஒன்றைப் பற்றிய கேள்வி. 'கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?' என்பது கற்பனைக் கேள்வி. 'கோபமான ஒருவரை நீங்கள் சமாளித்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்' என்பது பிஹேவியரல் கேள்வி. முதலாவதற்கு யார் வேண்டுமானாலும் நல்ல பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்று வேண்டும்.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'டெல் மீ அபவுட் எ டைம்' என்றோ 'கிவ் மீ அன் எக்ஸாம்பிள்' என்றோ ஆரம்பிக்கும். அதைக் கேட்டவுடன், பொதுவான கருத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

எதற்காக இப்படிக் கேட்கிறார்கள்? நேராகத் திறமையைச் சோதித்தால் போதாதா?

ஒருவர் முன்பு எப்படி நடந்துகொண்டாரோ, அதேபோன்ற சூழலில் இனியும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்வார் என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்த உளவியலாளர் ஜான் ஃப்ளானகன், 'இவர் நல்லவர், திறமையானவர்' போன்ற பொதுச் சான்றிதழ்களை நம்பாமல், குறிப்பிட்ட சம்பவங்களைச் சேகரித்து ஆராயும் முறையை வளர்த்தார். 1954-ல் அதை விரிவான கட்டுரையாக வெளியிட்டார். 1982-ல் டாம் ஜான்ஸ் என்ற ஆய்வாளர், கடந்தகால நடத்தையைக் கேட்கும் நேர்காணலையும் வழக்கமான பேச்சு நேர்காணலையும் ஒப்பிட்டுப் பார்த்து, முன்னதே நன்றாகக் கணிக்கிறது என்று எழுதினார்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளைப் பற்றி சாக்கெட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2022-ல் வெளியிட்ட பெரிய மறுஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 (தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையாகப் பொருந்தினால் 1). தோன்றியதைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பேனலில் இருப்பவர் முன்னால் பெரும்பாலும் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். நீங்கள் எந்த ஊர், எந்தக் கல்லூரி, எவ்வளவு அழகாகச் சிரித்தீர்கள் என்பதைவிட, என்ன செய்தீர்கள் என்பதற்கு அங்கே எடை அதிகம். சின்ன ஊரிலிருந்து வரும் மாணவருக்கு இது சாதகமான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லோரும் சொல்லும் 'ஸ்டார்' முறை என்ன?

சூழல் (சிச்சுவேஷன்), உங்கள் பொறுப்பு (டாஸ்க்), நீங்கள் செய்தது (ஆக்ஷன்), விளைவு (ரிசல்ட்). இந்த நான்குக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஸ்டார்'. டி.டி.ஐ. என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் இதைப் பரப்பியது. அமேசான் போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே இந்த வடிவில் பதில் சொல்லுங்கள் என்று எழுதி வைத்திருக்கின்றன.

முறை எளிது, சொதப்புவது அளவில்தான். பெரும்பாலானவர்கள் சூழலை விவரிப்பதிலேயே ஒன்றரை நிமிடத்தை முடித்துவிடுகிறார்கள். கல்லூரியின் பெயர், துறை, ப்ராஜெக்ட் தலைப்பு, வழிகாட்டி யார், எத்தனை பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில், 'அப்புறம் எப்படியோ முடித்தோம் சார்.' அந்த 'எப்படியோ'வைத்தான் பேனலில் இருப்பவர் கேட்டார்! மொத்தம் இரண்டு நிமிடம் பேசினால் சூழலும் பொறுப்பும் சேர்ந்து அரை நிமிடம் போதும். ஒரு நிமிடத்துக்கும் மேல் நீங்கள் செய்ததற்கே போகட்டும். மீதி விளைவுக்கு.

நான் ஃபிரெஷர். வேலை அனுபவமே இல்லாதபோது எந்தச் சம்பவத்தைச் சொல்வது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பயப்படவே வேண்டாம். ஃபிரெஷரிடம் கம்பெனி அனுபவத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்த எதுவும் செல்லும்.

எங்கே தேடுவது? இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் சிம்போசியமும் எல்லோருக்கும் உடனே தோன்றும். அதோடு நின்றுவிடாதீர்கள். என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பு உங்களிடம் இருந்ததா? ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில் இருந்தீர்களா? நான் முதல்வன் திட்டத்தில் ஒரு குழுவோடு ப்ராஜெக்ட் செய்தீர்களா? சனி, ஞாயிறுகளில் ஜவுளிக்கடையில் நின்றீர்களா, கேட்டரிங்குக்குப் போனீர்களா, அப்பாவின் மளிகைக்கடையில் கடன் நோட்டைப் பார்த்தீர்களா, டியூஷன் எடுத்தீர்களா? இதையெல்லாம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். படித்துக்கொண்டே வேலை பார்த்தது குறை என்று நினைத்து ரெஸ்யூமிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். எனக்கு இது மனதை வருத்தும் விஷயம். நிஜமான பணமும், கோபப்படும் நிஜ மனிதர்களும் புழங்கும் இடம் அது. கிளாஸ்ரூம் செமினாரைவிட அங்கே நடந்த சம்பவத்துக்கு மதிப்பு அதிகம்.

ஒரு வழி சொல்கிறேன். உங்கள் போனில் உள்ள புகைப்படங்களையும் வாட்ஸ்அப் குரூப்களையும் கடந்த இரண்டு, மூன்று வருடத்துக்குப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். மறந்துபோன நிகழ்ச்சிகள், அதற்காக நள்ளிரவில் நடந்த வாக்குவாதங்கள், கடைசி நேர மாற்றங்கள் எல்லாம் அங்கே கிடக்கும். ஒவ்வொன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மாலைக்குள் பட்டியல் நீண்டுவிடும்.

ஒரு பதிலை முழுதாகக் காட்ட முடியுமா?

'யாரும் சொல்லாமல் நீங்களாகவே முன்வந்து ஒரு பிரச்சினையைத் தீர்த்தது உண்டா?' என்பது கேள்வி. ஒரு மாணவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

'பார்ட் டைமாக ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன் சார். அங்கே எப்போதும் கூட்டமாக இருக்கும். கடினமாக உழைத்து, நேரத்தைச் சரியாக நிர்வகித்து, வாடிக்கையாளர்களைத் திருப்திப்படுத்தினேன். இதனால் டைம் மேனேஜ்மென்ட் கற்றுக்கொண்டேன்.'

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மதிப்பெண் போட எதுவும் இல்லை. 'கடினமாக உழைத்தேன்' என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர் எதிரில் இருப்பவர். உங்கள் வேலை சாட்சியைக் கொடுப்பது. அதே மாணவர், அதே கடை, இப்படி:

'எங்கள் கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மாலை நேரம் வேலை பார்த்தேன் சார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவார்கள். பாதி ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ' என்றுதான் பெயர் இருக்கும். யாருடையது எது என்று தெரியாமல் மாற்றி பைண்டிங் போட்டுவிடுவோம். மறுபடி பிரின்ட் எடுக்கும் செலவு கடைக்கு. மாலையில் ஆர்டர் வாங்குவது என் பொறுப்பு. ஃபைல் பெயரில் ரோல் நம்பர் இருந்தால்தான் வாங்குவோம் என்று போர்டு வைக்கலாமா என்று ஓனர் அண்ணனிடம் கேட்டேன். ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்று தயங்கினார். ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் அண்ணா, பெயர் மாற்றத் தெரியாதவர்களுக்கு நானே மாற்றித் தருகிறேன் என்றேன். ஒரு நோட்டும் போட்டேன். ரோல் நம்பர், எத்தனை பக்கம், கலரா கறுப்பு வெள்ளையா, ஸ்பைரலா ஹார்ட் பைண்டிங்கா என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். அந்த வாரம் ஒரு ரிப்போர்ட்கூட மாறவில்லை. அடுத்த செமஸ்டரிலும் ஓனர் அந்த நோட்டைத் தொடர்ந்தார்.'

இதில் எனக்கு மிகவும் பிடித்தது போர்டும் நோட்டும் அல்ல. ஓனர் தயங்கிய இடம். தன்னைவிடப் பெரியவர், சம்பளம் கொடுப்பவர், 'வேண்டாம்' என்கிறார். அவருடைய பயம் நியாயமானது என்று இந்த மாணவருக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு பதிலோடு போகிறார், ஒரு வாரம் என்று எல்லையும் வைக்கிறார். டீம் லீடிடமும் கிளையன்ட்டிடமும் நாளைக்கு இதைத்தான் செய்யப்போகிறார். தடை எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் கதையில் உங்களைப் பார்க்க முடியாது. யார் மறுத்தார்கள், எது ஒத்துவரவில்லை, நீங்கள் எங்கே முடிவெடுத்தீர்கள் என்பதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இந்த இரண்டாவது பதிலில் அவர் 'டைம் மேனேஜ்மென்ட்' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை.

'நான், நான்' என்று சொன்னால் தற்பெருமையாகத் தெரியாதா?

நம் வீடுகளில் அப்படித்தான் வளர்க்கிறார்கள். தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகில்லை என்று சொல்லிச் சொல்லி, தனியாகச் செய்த வேலையைக்கூட 'நாங்கள் செய்தோம்' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. பழக வேண்டியவர்களிடம் அது நல்ல குணம்தான். மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருப்பவருக்கோ அது சிக்கல். நான்கு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் செய்தீர்கள், நால்வரும் நேர்காணலுக்கு வருகிறீர்கள், நால்வரும் 'நாங்கள் டேட்டாபேஸை மாற்றி அமைத்தோம்' என்கிறீர்கள். யாருக்கு மதிப்பெண் போடுவது?

குழு செய்ததைக் குழுவுக்கே கொடுங்கள். உங்கள் கை பட்ட இடத்தை மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள். 'நாங்கள் நான்கு பேர். சென்சார் பகுதியை மற்ற இருவர் செய்தார்கள். ரீடிங் தாமதமாக வருவதைக் கண்டுபிடித்தது நான். அதைச் சரிசெய்தது நானும் இன்னொருவரும்.' இதில் பெருமை எங்கே இருக்கிறது? கணக்கு இருக்கிறது, நேர்மை இருக்கிறது. அடுத்தவர் பங்கையும் சொன்னதால் உங்கள் பேச்சின் மேல் நம்பிக்கை கூடும்.

எத்தனை சம்பவங்கள் தயார் செய்ய வேண்டும்?

ஆறிலிருந்து எட்டு. இணையத்தில் 'ஐம்பது கேள்விகளும் பதில்களும்' என்று கிடைப்பதை மனப்பாடம் செய்வது வீண். கேள்விகள் எண்ணற்றவை, அடியில் ஓடும் விஷயங்கள் கொஞ்சம்தான்: பொறுப்பெடுத்தது, மோதல், தோல்வி, நெருக்கடியான நேரம், புதிதாகக் கற்றது, ஒருவருக்கு உதவியது, அரைகுறைத் தகவலோடு முடிவெடுத்தது. மேலே சொன்ன ஜெராக்ஸ் கடைச் சம்பவம் 'முன்முயற்சி'க்கும் சரி, 'மேலிருப்பவரைச் சம்மதிக்க வைத்தது'க்கும் சரி, 'வாடிக்கையாளர் பக்கம் யோசித்தது'க்கும் சரி. எந்தப் பகுதியை அழுத்திச் சொல்கிறோம் என்பது மட்டும் மாறும்.

அமேசான் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. அவர்கள் தங்கள் 'லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்' பட்டியலை வைத்தே கேட்பார்கள். முன்பு 14 இருந்தன, 2021-ல் இரண்டைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேராக உங்கள் சம்பவத்தில் எது பொருந்தும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனமானால் வேலை விளம்பரத்தில் எந்தக் குணத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

'எனக்கு யாரோடும் சண்டையே வந்ததில்லை' என்று சொல்லலாமா?

வேண்டாம். ஒழுக்கமான பதில் என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். கேட்பவரோ, ஒன்று இவர் உண்மையை மறைக்கிறார், அல்லது கருத்து இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார் என்று நினைப்பார். இரண்டுமே உங்களுக்கு நல்லதல்ல.

மோதல் என்றால் சட்டையைப் பிடிப்பது என்று அர்த்தமில்லை. ஒருவர் தன் பகுதியை முடிக்காமல் இழுத்தடித்தது, சீனியர் சொன்ன வழி சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றியது, இவையே போதும். சொல்லும்போது அந்த நபரை வில்லனாக்காதீர்கள். அவர் ஏன் அப்படி இருந்தார் என்று நீங்கள் விசாரித்தீர்களா என்பதைத்தான் கவனிப்பார்கள். குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டீர்களா, தனியாகக் கூப்பிட்டுப் பேசினீர்களா? அவருக்கு வீட்டில் பிரச்சினையா, வேலை புரியவில்லையா? கடைசியில் உங்கள் கருத்து எடுபடாமல் போயிருந்தாலும் பரவாயில்லை. 'என் காரணங்களைச் சொன்னேன், லீட் வேறு முடிவு எடுத்தார், அதற்குப் பிறகு அந்த முடிவுக்காக முழுமனதோடு வேலை செய்தேன்' என்பதும் நல்ல பதில். அமேசான் பட்டியலில் இதற்கென்றே 'டிஸ்அக்ரீ அண்ட் கமிட்' என்று ஒன்று இருக்கிறது.

தோல்வியைப் பற்றிக் கேட்டால்?

உண்மையான தோல்வியைச் சொல்லுங்கள். 'நான் அளவுக்கு மீறி உழைத்துவிட்டேன்', 'எல்லாம் பெர்ஃபெக்டாக இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் என் குறை' ஆகிய இரண்டையும் பேனலில் இருப்பவர்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

எந்தத் தோல்வி சரியான தேர்வு? உங்கள் கையால் நடந்ததாக இருக்க வேண்டும். மழை பெய்தது, கரண்ட் போனது எல்லாம் தோல்வி அல்ல. விளைவு ஓரளவு வலித்திருக்க வேண்டும். அதன்பின் உங்கள் பழக்கம் மாறியிருக்க வேண்டும். உதாரணமாக, வேலையில் இருக்கும் ஒருவர்: 'மாத ரிப்போர்ட்டில் முந்தைய மாத எண்களை மாற்றாமல் கிளையன்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். மதியம் நானே கவனித்தேன். அவர்கள் கண்டுபிடிக்கும் முன் லீடிடம் போய்ச் சொன்னேன், திருத்திய ரிப்போர்ட்டை விளக்கத்தோடு அனுப்பினோம். அன்றிலிருந்து அனுப்பும் முன் தேதியையும் மொத்தத்தையும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்கிறேன்.' தானாகவே போய்ச் சொன்னார் என்பதுதான் இந்தப் பதிலின் உயிர். நேர்மை தவறிய செயல்களையும், விண்ணப்பிக்கும் வேலையின் அடிப்படையே தெரியாது என்று காட்டும் தவறுகளையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. என்ன செய்வது?

சம்பவத்தை முதலில் தமிழிலேயே ஒரு நண்பருக்குச் சொல்லிப் பாருங்கள். வரிசை சரியாக வந்தபின் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். 'ஐ ஆஸ்க்ட் த ஓனர். ஹி வாஸ் வொரீட். ஐ சஜஸ்டட் ஒன் வீக்.' இவ்வளவு எளிய ஆங்கிலம் தாராளமாகப் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். நடந்ததைச் சொல்லும்போது நம்மவர்கள் பலர் 'ஐ வில் டாக் டு ஹிம்', 'ஐ வுட் எக்ஸ்பிளெய்ன்' என்று போய்விடுகிறார்கள். கேட்பவர் காதில் அது 'பேசுவேன், விளக்குவேன்' என்று விழும். நிஜமாக நடந்த சம்பவம் கற்பனையாகிவிடும், மதிப்பெண்ணும் போய்விடும். பயிற்சி செய்யும்போது போனில் பதிவு செய்து, 'வில்', 'வுட்' எத்தனை தடவை வந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். 'டாக்ட்', 'எக்ஸ்பிளெய்ண்ட்', 'டிசைடட்' என்று இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். இலக்கணத்தில் வேறு எதையும் திருத்த நேரமில்லை என்றாலும் இதைத் திருத்துங்கள்.

அப்படியே மனப்பாடம் செய்துவிடலாமா?

கூடாது. குறுக்குக் கேள்வி வந்ததும் மனப்பாடம் உடைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். ஒரு சம்பவத்துக்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். 'சப்மிஷன் வாரம், மாறிய பைண்டிங், ஓனர் தயக்கம், ஒரு வாரம், நோட்டு, அடுத்த செமஸ்டர்.' இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்லிப் பழகுங்கள்.

கதையை இட்டுக்கட்டினால் கண்டுபிடித்துவிடுவார்களா?

பெரும்பாலும், ஆம். 'ஓனர் என்ன சொல்லி மறுத்தார்?', 'வேறு என்ன வழி யோசித்தீர்கள்?', 'மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்?' என்று இரண்டு மூன்று அடுக்கு கீழே போவார்கள். நடந்த சம்பவமென்றால் பதில் தானாக வரும். இட்டுக்கட்டியதென்றால் பொதுவான சொற்களுக்குள் ஒளிவீர்கள். சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கும் பதிலுக்கும் இதே கதிதான். அதை உபயோகிக்க விரும்பினால், உங்கள் சம்பவத்தைக் கொடுத்து 'இதன்மேல் என்னிடம் குறுக்குக் கேள்விகள் கேள்' என்று சொல்லுங்கள். அது நல்ல பயிற்சி.

விளைவைச் சொல்ல எண்கள் இல்லையென்றால்?

எண் இருந்தால் சொல்லுங்கள், இல்லாத எண்ணை உருவாக்காதீர்கள். '30 சதவீதம் முன்னேற்றம்' என்றால் எப்படி அளந்தீர்கள் என்று கேட்பார்கள். முன்பு என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது, நீங்கள் போனபிறகும் அது தொடர்ந்ததா என்று சொன்னாலே வலுவான விளைவுதான்.

பழைய நிறுவனத்து விவரங்களைச் சொல்லலாமா?

கிளையன்ட் பெயர், உள்விவரங்கள் வேண்டாம். 'ஒரு வங்கி கிளையன்ட்' என்றால் போதும். பழைய மேனேஜரைத் திட்டவும் வேண்டாம்.

அந்த நேரத்தில் ஒன்றுமே ஞாபகம் வராவிட்டால்?

'ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லட்டுமா?' என்று கேளுங்கள். இது முழுக்க ஏற்கத்தக்கது, தவறாக நினைக்க மாட்டார்கள். தண்ணீர் இருந்தால் குடியுங்கள். பட்டியலிலுள்ள எட்டையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். சரியாகப் பொருந்தவில்லை என்றால் மிக நெருக்கமான ஒன்றை எடுத்து, 'இதே மாதிரி சூழல் எனக்கு வந்ததில்லை, இதற்கு அருகில் வரும் ஒன்றைச் சொல்கிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லித் தொடங்குங்கள்.

நாளைக்கே நேர்காணல். ஒரு மாலைதான் இருக்கிறது. என்ன செய்வது?

எட்டு வேண்டாம், மூன்று போதும்: பொறுப்பெடுத்த ஒன்று, மோதல் ஒன்று, தோல்வி ஒன்று. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது. கேட்டுப் பார்த்து, 'நான்' செய்த செயல்கள் குறைந்தது மூன்றாவது தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒரு தடவை தமிழில் சொல்லுங்கள். அவர்கள் 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று எங்கே குறுக்கிட்டுக் கேட்கிறார்களோ, நாளைக்கு பேனலும் ஏறக்குறைய அங்கேதான் கேட்கும். அந்த இடத்துக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, நேரத்தோடு தூங்கப் போங்கள்.